மேடை ஏறாத ஆணழகன்

பத்து கிலோ குறைந்தால்தான் முழங்கால் ஆபரேஷனுக்குத் தேதி என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றைக்கே அச்சகக்காரர் தன் மனைவியின் தம்பியைப் பிடித்தார். ஆணழகன் போட்டியில் கோப்பை வாங்கியவன் அவன்.

“போட்டிக்கு நான் சாப்பிட்டதையே சாப்பிடுங்க அத்தான். அவிச்ச கோழி, முட்டை வெள்ளை. உப்பு கிடையாது.”

“சர்க்கரை?”

“அந்தப் பேச்சையே எடுக்காதீங்க.”

வீட்டில் மனைவிதான் காவல். ஒருநாள் அவர் பிஸ்கட் டப்பாவைத் தொட்டுவிட்டார்.

“கையை எடுங்க! ஆபரேஷன் நடக்கணுமா, வேண்டாமா?”

எடுத்துவிட்டார். கன்னம் ஒட்டியது, மோதிரம் தானாகக் கழன்றது. அச்சகத்தில் பேப்பர் கட்டைத் தூக்கப் போனவர் அதன் மேலேயே படுத்துவிட்டார்.

கடைசி நாள் தண்ணீரும் கூடாது, உடம்பெல்லாம் பழுப்புச் சாயம் பூச வேண்டும் என்றான் மைத்துனன்.

“போட்டியே இல்லையேடா?”

“முறைன்னா முறைதான் அத்தான்.”

பூசிக்கொண்டார்.

மறுநாள் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்கள். அவர் நேராக எடை மெஷினில் ஏறினார்.

“சரியா பத்து கிலோ குறைஞ்சாச்சு டாக்டர்!”

சாயம் வழியும் எலும்புக்கூட்டை டாக்டர் ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க ஏன் சார் இளைச்சீங்க? ஆபரேஷன் உங்க மனைவிக்குத்தானே?”

“அவ பசி தாங்க மாட்டா டாக்டர். அதான் அவளுக்குப் பதிலா நான் பத்தியம் இருந்துட்டேன்.”

மனைவி பெருமையோடு நாற்காலியை நிறைத்து உட்கார்ந்தாள். “பத்தலைன்னா இன்னும் ரெண்டு கிலோ குறைக்கச் சொல்றேன் டாக்டர். தேதியை மட்டும் சீக்கிரம் குடுங்க.”