கண்டல்தீவின் பின்பக்கம்

"பாலத்தடியில விழுந்தது எந்தக் கரையில ஒதுங்கும், மஜீட்?"

வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த மீனவன் மஜீட் நிமிர்ந்தான். கல்லடியில் சைக்கிள் திருத்தும் நல்லரத்தினம் நின்றார். அவருக்குப் பின்னால் மனைவி சீதேவி, ஒரு துணிப்பொதியை நெஞ்சோடு அணைத்தபடி.

"என்ன விழுந்தது அண்ணன்?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ஊருக்குள் பொடியன்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம் அது.

"உங்கட மகன் தவநேசனா?"

"முந்தநாள் பின்னேரம் பாலத்தடியில சனம் கண்டிருக்கு. பிறகு ஒருத்தரும் காணல்ல. ஆமி, இயக்கம் ரெண்டு பக்கமும் அவனைத் தேடித் திரிஞ்சது உனக்குத் தெரியுந்தானே."

மஜீட் வலையைத் தள்ளிவைத்தான். ஈர மணலில் விரலால் ஒரு தீவை வரைந்தான்.

"இது கண்டல்தீவு. பாலத்தடியால வாற தண்ணி இப்ப இதைச் சுத்தித்தான் இழுக்குது. முன்பக்கம் ஓட்டம் கூட, ஒண்டும் தங்காது. பின்பக்கம் வேருக்குள்ள போய்ச் சிக்கும். எல்லாம் அங்கதான்."

"எல்லாமெண்டா?"

மஜீட் குரலைத் தாழ்த்தினான். "நாங்க இப்ப அந்தப் பக்கம் வலை போடுறல்ல, அண்ணன். போன கிழமையும் கண்டன். எல்லாம் நம்மட தவநேசன்ட வயசுதான்."

சீதேவி கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் அழவில்லை.

"எங்களைக் கூட்டிக்கொண்டு போவியா?" என்று அவள் கேட்டாள்.

"அக்கா வர வேணாம். அண்ணன் மட்டும் வரட்டும். எஞ்சின் போடேலாது, சத்தம் கேட்டாச் சுடுவானுகள். பாயிலதான் போகணும். காலையில, நாலு பேர் பார்க்கப் போவம். பாரத்தோட திரும்பி வரக்குள்ள ஆமிட காவல் சென்றிக்கு முன்னாலதான் வரணும். அங்க மட்டும்தான் ஆழம்."

"கேட்டா?"

"நான் சொல்லுவன். உங்கட மகன் என்ட வீட்டில பெருநாள் சோறு திண்டு வளர்ந்த புள்ள. நான் சொன்னா நம்புவானுகள்."

நல்லரத்தினம் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் வெயில் ஏறும்போது தோணி புறப்பட்டது. தீவின் முன்பக்கம் வரை பாய் புடைத்து நின்றது. முனையைச் சுற்றித் திரும்பியதும் காற்று அப்படியே விழுந்துவிட்டது. பாய் துவண்டு தொங்கியது. ஒரு நீர்க்காகம்கூட இல்லை. தண்ணீர் எண்ணெய்போல அசையாமல் கிடந்தது.

முதலில் வந்தது நாற்றம்தான். மஜீட் மூக்கைப் பொத்திக்கொண்டு கம்பை ஊன்றினான்.

வேர்களுக்கிடையில் வெளிறிய ஒரு வெற்று முதுகு நல்லரத்தினத்தின் கண்ணில் பட்டது.

"நீ தோணியைப் பிடிச்சிக்கொள் தம்பி," என்றார் நல்லரத்தினம். "நான் தனியாப் போறன்."

பொதியை எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். கண்டல் இலைகள் அவரை மறைத்துக்கொண்டன.

நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, உள்ளேயிருந்து அவருடைய குரல் மெல்லக் கேட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை வெளிக்கிடுத்தி அனுப்பும் தகப்பனின் குரல்.

"கையைத் தா மகன்... மற்றக் கையையும் தா ராசா... கொஞ்சம் பொறு, முடிஞ்சிது..."

செத்தவனோடு மனிதர் பேசுகிறாரே என்று நினைத்தபோது மஜீடுக்குக் கண் நிறைந்தது.

நல்லரத்தினம் கூப்பிட்டதும் போனான். முகம் என்று எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஆனால் அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை அவனுக்கு நன்றாகத் தெரியும். பெருநாளன்று தவநேசன் அதைத்தான் உடுத்தி வந்திருந்தான்.

"அவன்தான் அண்ணன்," என்று மஜீட் விம்மினான். "அவனேதான்."

சென்றியில் மறித்தார்கள். தவநேசனைத் தேடி அலைந்த ஆமிக்காரர்களில் ஒருவன் தோணிக்குள் எட்டிப் பார்த்தான்.

"யார்?"

"தவநேசன். இவர்ட மகன். எனக்கு நல்லாத் தெரியும்," என்றான் மஜீட். கண்ணீர் அவன் தாடியில் வழிந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தவன் போகச் சொல்லிக் கையசைத்தான்.

உடல் வாசலுக்கு வந்தபோதுதான் சீதேவி அழத் தொடங்கினாள். பெட்டியைத் தூக்கும்போதும் விடவில்லை. "பெத்த வயிறு எரியுது," என்று சொல்லிச் சனமும் சேர்ந்து அழுதது. அடக்கம் முடிந்தது. மஜீட்தான் கடைசியாகப் போனான்.

கதவைச் சாத்திய நல்லரத்தினம், பின்அறைக்குப் போய் நெல்மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

"வெளியில வா, தவம். இனி உன்னை ஒருத்தரும் தேட மாட்டாங்க."

சுவரோடு ஒடுங்கிக் கிடந்தவன் எழுந்து வந்தான். முன்அறையில் தாய் இன்னும் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் போயிட்டாங்கதானே அப்பா. நான் இஞ்ச இரிக்கக்குள்ள அம்மா ஏன் இன்னும் அழுறா?"

"உனக்கில்லடா," என்றார் நல்லரத்தினம். "உன்ட சட்டையைப் போட்டு நாம தாட்ட புள்ளைக்கும் ஒரு தாய் இரிப்பா. அவ இனி எந்தக் கரையில போய்த் தேடுவா எண்டு அழுறா."