கடைசி செமஸ்டரின் சாமி

என் மகள் மீனலோசனி கல்லூரியில் சமய இயல் படித்தாள். அந்தப் படிப்பில் செமஸ்டருக்கு ஒரு மதத்தின் நம்பிக்கையை மனசுக்குள் ஏற்றி அனுப்புவார்கள். பரீட்சை முடிந்ததும் இறக்கிவிடுவார்கள். சமண செமஸ்டரில் எங்கள் வீட்டில் வெங்காயம் கிடையாது. இஸ்லாமிய செமஸ்டரில் அவளுக்குத் துணையாகச் சமையல்காரரும் நோன்பிருந்து இளைத்தார். நான் முகம் சுளிக்கவில்லை. கடைசி செமஸ்டர் நம்முடையது அல்லவா?

அந்தக் கடைசி செமஸ்டரின் பங்குனியில் அம்மன் கோயிலுக்குப் போனோம். அங்கே பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்வது ஏழு தலைமுறையாக எங்கள் குடும்பத்துக்குத்தான். எனக்குக் கட்டியதும் அடுத்து அவளுக்கு. பூசாரி துணியோடு வந்தபோது அவள் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.

"மானத்த வாங்காதம்மா, முன்னாடி வா!"

"ஆத்தா முன்னாடி முதல் ஆளு, கடைசி ஆளுன்னு ஏதுப்பா?"

அவள் கன்னமெல்லாம் கண்ணீர். எங்களுக்கு அடுத்த மரியாதைக்காரரான மேலவீட்டுக்காரர் பரிவட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கெஞ்சினாள். "பரீட்சை முடிஞ்சாலும் இத மட்டும் எடுக்க வேணாம்னு ஒரு கையெழுத்துப் போடுங்கப்பா."

நான் போடவில்லை. மரியாதை மேலவீட்டுக்குப் போவதற்கா ஏழு தலைமுறை காத்தோம்?

மறுவருஷம் பரிவட்டத்தோடு நிமிர்ந்து முன்னால் நின்றாள். ஊரே பார்த்தது. தீபாராதனை காட்டினார்கள். அவள் அம்மனை உற்றுப் பார்த்துவிட்டு என் காதருகே சொன்னாள்:

"பதினாறாம் நூற்றாண்டுச் சிலைப்பா. மூக்கு மட்டும் அப்புறமா ஒட்டினது."