மூன்று திமில்

“எழுநூறு வருஷமா எங்க குலம் இங்கிலாந்துக்காரன் முன்னால தலை குனிஞ்சதே இல்லை, பொண்ணே” என்றபடி உள்ளே வந்த டோர்குவில் மக்டாரன், டாட்டூ கடையின் தாழ்ந்த வாசலில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

“இங்க மட்டும் குனியலாம், தலைவரே” என்றாள் ஷோனா. “நிலைப்படி உள்ளூர்தான்.”

நாலாவது தடவையாக வந்திருக்கிறார். நாலு தடவையும் இடித்துக்கொண்டார்.

மூன்று வாரத்தில் ஊர் விளையாட்டு விழா. வருஷக்கணக்காகக் கமிட்டிக்காரர்களுக்கு விஸ்கி ஊற்றி, இந்த வருஷம்தான் விழாத் தலைவர் பதவியைப் பிடித்திருந்தார் டோர்குவில். தலைவர் கட்டம்போட்ட கில்ட் பாவாடை கட்டிக்கொண்டு, கையில்லாத பனியனோடு மைதானத்தில் முதல் கல்லை எறிய வேண்டும். ஊரே பார்க்கப்போகும் அந்த வலது கையில் ஸ்காட்லாந்தின் பெருமை ஏதாவது ஒன்றைப் பச்சை குத்தியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

எந்தப் பெருமை என்பதில்தான் ஷோனாவின் உயிர் போய்க்கொண்டிருந்தது.

முதல் நாள் அவர் வந்தபோது அவளுக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. சுவரில் அவள் ஒரு பலகை மாட்டியிருந்தாள்: ‘இங்கிலாந்துக் கால்பந்து அணியின் மூன்று சிங்கம் இங்கே குத்தப்படாது. கேட்கவும் வேண்டாம்.’ கோடையில் வரும் சுற்றுலாக்காரர்களுக்காக வைத்தது. அதைப் படித்துவிட்டு அவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார்.

இப்போது ஷோனா சிரிக்கிற நிலையில் இல்லை.

“இன்னிக்குக் குத்தினாத்தான் விழாவுக்குள்ள புண் ஆறும். இல்லைன்னா கல்லோட சேர்ந்து தோலும் பறக்கும். சொல்லுங்க, முள்பூ?”

“வேணாம். காம்பு ரொம்ப ஒல்லி.”

“நம்ம நாட்டுப் பூன்னு போன வாரம் கண் கலங்கினீங்களே.”

“கலங்கினேன். ஆனா ஒல்லி.”

“ஏரிக்குள்ள ஆளை இழுத்துட்டுப் போற நீர்க்குதிரை? உங்க முப்பாட்டனையே இழுத்துட்டுப் போச்சுன்னு சொன்னீங்க.”

“இழுத்துச்சு, பாவம். ஆனா நாலு காலுக்கும் நடுவுல வெறும் தோலு தெரியுது.”

“குதிரைன்னா கால் இருக்கும், தலைவரே. கால் இருந்தா சந்தும் இருக்கும்.”

“அந்தச் சந்துதான் உறுத்துது.”

ஷோனா மூச்சை இழுத்துவிட்டாள். “பழைய கல்லறைக் கல்லுல இருக்கிற பின்னல் முடிச்சு? ரெண்டு ராத்திரி உக்காந்து வரைஞ்சேன்.”

“ஓட்டை ஓட்டையா இருக்கு. எங்க குலத்துல ஓட்டையே கிடையாது.”

“அப்ப நம்ம பழைய ராஜாக் கொடியில நிமிர்ந்து நிக்கிற ஒத்தைச் சிங்கம்...”

“சிங்கப் பேச்சே எடுக்காதே.”

அவர் குரல் உயர்ந்ததில் ஷோனாவின் தேநீர்க் கோப்பைகூட ஒரு தடவை ஆடியது. அவள் அதை எடுத்துப் பார்த்தாள். ஆறிப்போயிருந்தது. இவர் வந்தால் எல்லாத் தேநீரும் ஆறித்தான் போகிறது.

“சரி, கையையாவது காட்டுங்க. அளவு எடுக்கணும்.”

“சட்டைக்கு மேலேயே எடு.”

“நான் என்ன டெய்லரா? குத்தப்போறது தோலிலயா, துணியிலயா?”

டோர்குவில் மணிக்கட்டுப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஜூலை மாதம். ஆட்டிடையர்கள்கூடச் சட்டையைக் கழற்றிவிட்டுத் திரிகிற வெயில். இவர் மட்டும் முழுக்கை.

“நான் முடிவு பண்ணிட்டேன்” என்றார், நீதிபதி தீர்ப்புச் சொல்கிற குரலில். “நெஸ் ஏரிப் பூதம்.”

ஷோனாவுக்குக் காது கேட்கிறதா என்றே சந்தேகம் வந்தது. “சாவிக் கொத்துல விக்கிற பொம்மையை எங்க குலத்துக்காரன் கையில போட்டா செத்தவனெல்லாம் எந்திரிச்சு வருவான்னு சொன்னது யாரு?”

“ஆழமா யோசிச்சேன். பூதம்தான் நம்ம ஆன்மா. முழுக் கறுப்பு. அடர்த்தியா. தோள்ல தலை, அப்புறம் கீழ்நோக்கி வரிசையா மூணு திமில்.”

“ரெண்டு போதும். கழுத்து அழகா வரும்.”

“மூணு.”

“மூணு வச்சா பூதம் மாதிரி இருக்காது. தண்ணியில விழுந்த ஒட்டகக் கூட்டம் மாதிரி இருக்கும்.”

“ஒட்டகமாவே இருக்கட்டும். மூணு. ஒவ்வொண்ணும் இந்த அளவு” என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். “அப்புறம் வாலு. குறுக்கால, நேரா, தடியா.”

“வாலுன்னா வளையும்.”

“எங்க ஏரியில வளையாது.”

ஷோனா பென்சிலை வைத்தாள். இருபது வருஷத்தில் குடிகாரர்களுக்குக் குத்தியிருக்கிறாள், காதலில் தோற்றவர்களுக்குக் குத்தியிருக்கிறாள். ஸ்கேல் மாதிரி வாலுள்ள பூதத்தை எவனும் கேட்டதில்லை. ஆனாலும் வரைந்தாள். இந்த மனிதர் ஐந்தாவது தடவை வராமல் இருக்க அவள் எதையும் வரையத் தயாராக இருந்தாள்.

“ஊசி தயார். சட்டையைக் கழற்றுங்க, தலைவரே.”

டோர்குவில் எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். நாற்காலியில் வந்து உட்கார்ந்து, பலகை இருந்த சுவர்ப்பக்கம் பார்க்காமல், பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இத்தனை நாளில் முதல் தடவையாக அவர் தலை குனிந்திருந்தது.

வலது தோளிலிருந்து முழங்கை வரை ஒன்றன்கீழ் ஒன்றாக, உள்ளங்கை அகலத்துக்கு, மூன்று நீலச் சிங்கங்கள். அவற்றுக்குக் கீழே குறுக்காக ஒரு வரி: ‘வெம்ப்ளி 1996. இங்கிலாந்து 2, ஸ்காட்லாந்து 0.’