இரண்டு ஜன்னலுக்கு ஒரே அக்கா

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, சிரிக்கச் சிரிக்க ஒரு குட்டிக் கதை வைத்திருக்கிறேன்.

"உண்மையைச் சொல்லுங்கக்கா. அந்த டி.வி. ஆபீஸ்ல உங்களுக்கு யாரு ஆளு?"

மேனேஜர் இப்படிக் கேட்டதும், கம்பெனிக்கு வரும் போனையெல்லாம் எடுத்துப் பேசுகிற அக்காவுக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறிவிட்டது.

வாசலில் யார் நிற்கிறார்கள் என்று செல்போனிலேயே காட்டுகிற ஆப் ஒன்றை விற்கும் கம்பெனி அது. பெயர், ஜன்னல். போதாத காலம், அதே பெயரில் ஒரு டி.வி. சேனலும் இருந்தது. சேனலைத் தேடுகிற பாதிப் பேர் இணையத்தில் முதலில் கண்ணில் பட்ட நம்பரைத் தட்டுவார்கள். அது அக்காவின் மேஜையில் வந்து அலறும்; எடுத்தால், "சீரியலில் அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்பார்கள்.

"எனக்கு ஒரு ஆளையும் தெரியாது சார். அந்த சேனலை நான் பார்த்ததுகூட இல்ல. வீட்டுக்குப் போனா ரிமோட்டு எங்க மாமியார் கையில. அவங்க குத்துச்சண்டையைத் தவிர வேற எதையும் வைக்க விடமாட்டாங்க."

"அப்போ அந்த சீரியல் மருமகளுக்கு மயக்கம் தெளிஞ்சதும் பேச்சு வராதுன்னு எப்படிச் சொன்னீங்க? செத்துப்போன மாமனார் தாடியோட திரும்பி வருவார்னு எப்படித் தெரியும்? நீங்க சொன்னது ஒண்ணு விடாம சீரியல்ல வந்திருக்கு! கதையைத் திருடி ஊரெல்லாம் பரப்புறோம்னு அவங்க வக்கீல் குதிக்கிறாரு. உங்களை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பச் சொல்லி முதலாளி உத்தரவு."

அக்காவின் கண்கள் குளமாகிவிட்டன.

"நான் என்ன சார் பண்ணுவேன்? பேசி முடிச்சதும் போன் பண்ணவங்க நமக்கு ஸ்டார் போடணும்னு நீங்கதானே சட்டம் வச்சீங்க? 'ராங் நம்பர்'னு சொன்னா ஒரே ஒரு ஸ்டார். மருமக பொழச்சுக்குவான்னு சொன்னா அஞ்சு ஸ்டார். அதான் வாய்க்கு வந்ததை எல்லாருக்கும் அடிச்சு விட்டேன்."

"வாய்க்கு வந்ததா? அந்த மாமனாரைப் பார்த்துட்டு என் பொண்டாட்டி விடிய விடிய அழுதாக்கா!"

அதற்குள் போன் மணி அடித்தது. அக்கா நம்பரை எட்டிப் பார்த்தாள்.

"ஐயையோ, அந்தப் பெரியம்மா சார். தினமும் இந்நேரத்துக்கு வந்துருவாங்க."

"ஸ்பீக்கர்ல போடுங்க. உங்களுக்குக் கதையே தெரியாதுன்னு அவங்ககிட்ட ஒப்புக்குங்க. அதைப் பதிவு பண்ணி வக்கீலுக்கு அனுப்புறேன். வேலையாவது தப்பும்."

"தங்கம்!" என்று போன் குழைந்தது. "தாடியோட வந்தவர் நிஜ மாமனாரா, இல்ல அவரோட தம்பியா? கொஞ்சம் நிறுத்தி நிதானமா சொல்லும்மா."

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க பெரியம்மா. இது டி.வி. ஜன்னல் இல்ல, வாசல்ல ஆளைக் காட்டுற ஜன்னல். எனக்கு ஒரு கதையும் தெரியாது. இத்தனை நாளா நானாதான் கட்டி விட்டேன்."

"அது எனக்கு மொதல் நாளே தெரியுமே கண்ணு! அதுக்கென்ன இப்போ? நீ சொல்லு, சீக்கிரம் சொல்லு."

மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. போனுக்குள் தலையை நீட்டினார்.

"ஏம்மா, கட்டுக்கதைன்னு தெரிஞ்சும் எதுக்கு இப்படிப் பறக்கிறீங்க?"

"பறக்காம என்னப்பா செய்ய? மாமனார் மேக்கப் போட்டுக்கிட்டு கேமரா முன்னாடி நிக்கிறாரு, டைரக்டர் வசனம் எங்கேன்னு கத்துறாரு... இந்த சீரியலுக்குக் கதை எழுதுறவளே நான்தான்!"

கேட்ட உங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் என்றும் குறையாமல் இருக்கட்டும் கண்ணுகளா. குடும்பத்தோடு நன்றாக இருங்கள்.