ஒன்பதாம் மாடி வீட்டுக்காரம்மா

வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று கீழேயிருந்து போன் வந்ததும், அவள் வெங்காயத்தை வாணலியில் போட்டாள்.

சமையல் ஒன்றும் இல்லை. மாடி முழுக்க வாசனை போக வேண்டும், அவ்வளவுதான். ஆள் இருக்கிற கட்டடம் என்று நம்ப வைக்க இதைவிட மலிவான வழி கிடையாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

பிறகு ஓட்டமும் நடையுமாக மற்ற வேலைகள். எதிர் வீட்டு வாசலில் இரண்டு ஜோடி செருப்பு. கடைசி வீட்டு வாசலில் ஒரு குட்டி சைக்கிள். பால்கனிக் கொடிகளில், ஒருவரும் போட்டறியாத சட்டைகள்.

கடலைத் தூர்த்து எழுப்பிய அந்தக் கட்டடத்தில் உண்மையாகக் குடியிருந்தது அவளும் அவள் மகளும் மட்டும்தான். அதுவும் சம்பளத்துக்கு. வாட்ச்மேன் அவளை 'வீட்டுக்காரம்மா' என்றுதான் கூப்பிடுவார். கிண்டல்தான், ஆனாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இதற்கு முன்னால் துறைமுக மதிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் இருந்தார்கள். கப்பலிலிருந்து நிலக்கரி இறக்குகிற பக்கம். மகள் இருமி இருமி உதடெல்லாம் நீலம் பாரித்துவிடும். மேலே வந்த பிறகு குழந்தை ஒருநாள்கூட இருமவில்லை. இந்த வேலை போனால் திரும்ப அந்தக் கொட்டகைதான்.

வந்தது ஒரு இளம் ஜோடி. அந்தப் பெண் பிள்ளைத்தாய்ச்சி. வயிறு முன்னால் வர, இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் வந்தாள்.

மேனேஜர் புருஷனைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போய், கிரேன்களையும் கப்பல்களையும் ஏதோ தன் சொத்து போலக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சமையலறைக்கு வந்தாள். வந்ததும் குழாயைத் திறந்தாள்.

தண்ணீர் ஜோராகக் கொட்டியது. கொட்டாதா பின்னே? விடிந்ததிலிருந்து லாரித் தண்ணீரைக் குடம் குடமாகப் படியேற்றித் தொட்டியில் ஊற்றியவள் இவள்தானே. தொட்டி தீர்வதற்குள் எட்டிக் குழாயை மூடினாள்.

"தண்ணிய வீணாக்கக் கூடாதும்மா" என்றாள், பொறுப்பான குடும்பத் தலைவி மாதிரி. தன் சாமர்த்தியம் தனக்கே பிடித்திருந்தது.

அந்தப் பெண் ஃபிரிட்ஜ் ஓரமாக நின்றாள். அதற்குப் பின்னால் சுவர் விரல் நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. மண் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று கொத்தனாரே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பால்கனிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, உங்களக் கூடப்பிறந்தவங்களா நினைச்சுக் கேக்குறேன். ஊர்ல இருந்த ஒரே வீட்ட வித்துட்டு வந்திருக்கோம். உண்மையச் சொல்லுங்க, இத வாங்கலாமா?"

சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. கையைப் பிடிக்க வந்தாள்.

இவள் வெங்காயத்தைக் கிளறுகிற சாக்கில் கையை இழுத்துக்கொண்டாள். வாங்க வருகிறவர்கள் டைல்ஸைத் தட்டுவார்கள், ஜன்னலை ஆட்டுவார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை. ஆனால் இந்தக் கேள்வி என்றாவது வரும் என்று அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள்.

"கண்ண மூடிட்டு வாங்கும்மா. பக்கத்து வீடு காலியாத்தான் இருக்கு. பிரசவத்துக்கு நான் இருக்கேன், நீ எதுக்குக் கவலைப்படுற?"

நாக்கு துளிகூடக் குழறவில்லை. அந்தப் பெண் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

எல்லோரும் கீழே போனார்கள். கருகின வெங்காயத்தைக் கொட்டிவிட்டு, செருப்புகளையும் சைக்கிளையும் உள்ளே எடுத்து வைத்தாள். மேனேஜர் திரும்பி வரும்வரை அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் வாய் நிறையச் சிரிப்போடு வந்தார்.

"சார், இந்தத் தடவை நீங்க அனுப்பின பொண்ணு படு கெட்டிக்காரி. அழுதே காட்டிட்டா! வயித்துல என்ன, எனக்குக் கட்டிவிட்ட அதே தலையணைதானா?"

மேனேஜர் ஆளைச் சோதிப்பது அப்படித்தான். போன வருஷம் இவளும் வயிற்றில் தலையணையோடு இதே சமையலறைக்கு வந்து, அவர் சொல்லிக்கொடுத்தபடி இதே கேள்வியைக் கேட்டவள்தான். அப்போது இங்கே இருந்தவள் மனசு கேட்காமல் இவள் கையைப் பிடித்து, "வாங்காதம்மா, நல்லா இருக்க மாட்டே" என்று சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே அவள் பெட்டியோடு வெளியே போனாள். இவள் மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். அதிலிருந்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு யார் வந்தாலும் ஏமாறக் கூடாது என்று காத்திருந்தாள்.

மேனேஜர் முழித்தார்.

"நான் யாரையும் அனுப்பலையே. அவங்க கையெழுத்துப் போட்டு முழுப் பணத்தையும் கட்டிட்டாங்க. பக்கத்து வீடுதான் வேணுமாம். பிரசவத்துக்கு ஒரு அக்கா கிடைச்சாங்கன்னு அந்தப் பொண்ணுக்குத் தலைகால் புரியல. கீழதான் நிக்கிறா, போய்க் கையக் காட்டு."

அவள் கால்கள் தாமாகப் பால்கனிக்குப் போயின.

கீழே அந்தப் பெண் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷன் அவளைத் தாங்கினாற்போல் முதுகில் கை கொடுத்திருந்தான். இங்கிருந்து கத்தினால் கேட்கும். ஆட்கள் வரும்போது மட்டும் ஓட்டுகிற லிஃப்ட்டைக்கூட இன்னும் நிறுத்தவில்லை, ஓடினால் பிடித்துவிடலாம்.

மேனேஜர் பின்னாலேயே வந்து நின்றார்.

அந்தப் பெண் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். இவளும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள்.