தைலம் கிடைக்காத இதயம்

முடக்குவாதம் வந்த மரகதவல்லியின் உடம்பில், இதயத்துக்கு விரல்களைக் கண்டாலே ஆகாது. தைலம், ஒத்தடம் எல்லாம் அவற்றுக்குத்தான்.

"உனக்குள் எரிகிற நெருப்புதான் எனக்குள்ளும் எரிகிறது. என்னை யார் கேட்டார்கள்?" என்று சுண்டுவிரலிடம் சொன்னது இதயம்.

"நான் வீங்கிக் காட்டுகிறேன். நீ வாயைத் திறந்தால்தானே தெரியும்?" என்றது சுண்டுவிரல்.

இதயத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று மாடிப்படி ஏறும்போது மரகதவல்லியின் மூச்சை இறுக்கிப் பிடித்தது. பயந்துபோன மகள் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் விரல்களைத் தொடவே இல்லை. நேராக நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

"பார்த்தாயா?" என்று பூரித்தது இதயம்.

அவர் நெடுநேரம் கேட்டார். பிறகு மகளை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

இதயத்துக்கு மறுபடியும் பொறாமை வந்தது. விரல்களைப் பற்றிப் பேச அவர் ஒருநாளும் யாரையும் தனியாகக் கூப்பிட்டதில்லை.