ஆறாவது விழவில்லை

"இப்பப் போடுங்க" என்றாள் பொன்னாயி.

அம்மாசி கிளட்சை மிதித்து, கியர்க் கம்பியை வலப்பக்கம் தள்ளிப் பின்னால் இழுத்தான். பழைய கியர் பெட்டியில் அந்த இடத்தில் ரிவர்ஸ் இருந்தது. இப்போது ஆறாவது. கை ஒரு நொடி தயங்கியது. பிறகு வாழைப்பழத்தில் ஊசி இறங்குவதுபோல் இறங்கிவிட்டது.

கச்சிராயபாளையம் சாலையின் புளியமரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பொன்னாயி சிரித்தாள். நிறுத்த முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

கார் அவர்களுடையது இல்லை. சங்கராபுரம் ரைஸ்மில் சுப்புராயனுடையது. கோயமுத்தூரில் பந்தயம் ஓடிய சிவப்புக் கார். ஐந்து கியர் போதாது, ஆறு வேண்டும் என்று எங்கிருந்தோ ஒரு கியர் பெட்டியை வாங்கிவந்து அம்மாசியின் மெக்கானிக் ஷெட்டில் இறக்கினார். எஞ்சினின் துளைகளும் பெட்டியின் துளைகளும் பொருந்தவில்லை. நடுவில் வைக்கத் தியாகதுருகம் லேத்தில் ஒரு தட்டு கடைந்து, பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டை நாலு விரற்கடை வெட்டி ஒட்டி, எல்லாம் முடியப் பத்தொன்பது நாள் ஆயிற்று. நாளைக்கு, திங்கட்கிழமை, வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

சுப்புராயன் தன் காரில் யாரையும் ஏற்றமாட்டார். சொந்த மச்சானையே பஸ்ஸில் வரச் சொன்னவர். மெக்கானிக் பெண்சாதியை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றினான் என்று தெரிந்தால் பஜார் முழுக்கச் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு கள்ளக்குறிச்சியில் ஒருவரும் அம்மாசியை நம்பி வண்டி விடமாட்டார்கள்.

தெரிந்துதான் கிளம்பினான். பொன்னாயி கல்வராயன் மலைக்காரி. கல்யாணமாகி ஒன்பது வருடமாக அவள் அண்ணி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பது ஒன்றுதான்: எங்க பொன்னாயி புருசன் காருல போறவன் இல்ல, காருக்கு அடியில படுக்கறவன்.

கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை ஏறியது. இரண்டாவது வளைவிலிருந்து கியரை அவளே சொல்ல ஆரம்பித்தாள். அம்மாசி ரெண்டு என்றால் அவள் மூணு என்றாள். மூன்றில் கார் முனகாமல் ஏறியது. எதிரே வந்த பஸ்ஸுக்கு, கட்சித் தலைவர் மாதிரி, கையைத் தூக்கிக் கும்பிட்டாள். உள்ளே இருந்த நாலைந்து பேர் பதிலுக்குக் கும்பிட்டார்கள்.

அண்ணன் வூட்டு வாசலில் கார் நின்றது. சாமை காயவைத்துக்கொண்டிருந்த அண்ணி எழுந்து வந்தாள். காரைச் சுற்றி வந்தாள். கதவின் சிவப்பில் தன் முகத்தைப் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். பிறகு, இறங்கி நின்ற பொன்னாயியின் காலைப் பார்த்தாள்.

"காருல வந்தவளுக்குக் காலுல செருப்பு இல்லியா?"

பொன்னாயி குனிந்து பார்த்தாள். அம்மாசியும் குனிந்து பார்த்தான். யார் வூட்டுக்குள்ளோ நுழைகிறவள் மாதிரி, காரில் ஏறுமுன் செருப்பைக் கழற்றி வெளியே விட்டிருக்கிறாள். அது கீழே ஷெட்டில் கிடந்தது.

அணைக்கட்டு வரும்வரை இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

பின்சந்தில் அவளை இறக்கிவிட்டு, அம்மாசி காரை ஷெட்டின் முன்பக்கம் கொண்டுவந்தான். ஸ்டூலில் சுப்புராயன் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை வரைக்கும் அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் காலடியில், கார் நின்ற இடத்துக்கு இடப்பக்கம், பெண்பிள்ளைச் செருப்பு ஜோடியாக, ஒழுங்காக இருந்தது.

மலைக்கு ட்ரையல் பார்க்கப் போனேன் மொதலாளி என்றான் அம்மாசி. தனியாகவா என்று அவர் கேட்டார். தனியாகத்தான் என்றான். செருப்பைக் காட்டினார். கோயிலுக்குப் போகிற பொம்பளைங்க இங்கே வுட்டுட்டுப் போறது வழக்கம் என்றான். எந்தக் கோயில் என்று அவர் கேட்கவில்லை.

"வளைவுல இன்னா கியரு போட்ட?"

"ரெண்டுங்க."

"மூணு" என்றது ஷெட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "ரெண்டுல போட்டா வண்டி கத்துது."

அம்மாசி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சுப்புராயன் சாவியை வாங்கிக்கொண்டு புறப்பட்டார். காது இருக்கிற மெக்கானிக்குக்குக் கண் தேவையில்லை. மூன்று, நான்கு, ஐந்து என்று அம்மாசி ஷெட்டில் நின்றபடியே எண்ணினான். சாலையின் கோடியில் ஆறாவதும் விழுந்தது. ஒரு சிணுங்கல் இல்லை. இப்படி ஒரு வேலையை இனி யார் தன்னிடம் கொண்டுவருவார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

கார் திரும்பி வந்தது. எஞ்சினை அணைத்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கினார்.

"ஆறாவது வுழுல" என்றார்.

அம்மாசி ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"வுழுலன்னா வுழுல. வண்டி இங்கயே கெடக்கட்டும். வர ஞாயித்துக்கெழம மறுக்கா மலைக்கு எடுத்துக்கினு போயி பாரு. ஒத்த ஆளு எடைக்கு இதெல்லாம் தெரியாது."

சரிங்க மொதலாளி என்று சொல்லிவிட்டு, எதற்கு என்று தெரியாமலே ஸ்பேனர் எடுக்க உள்ளே ஓடினான் அம்மாசி.

சுப்புராயன் இடப்பக்கக் கதவைத் திறந்தார். புது சீட் தைத்த நாளிலிருந்து அதன்மேல் கிடந்த பாலித்தீன் உறையை உருவினார். நாலாக மடித்தார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.